குசினிக் கழிவைப் பசளையாக்க: பீப்பாவா, கிடங்கா?

வளவுக்காரி (கொக்குவில்)

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஐந்து பேர். ஒரு நாளைக்கு ஒரு சின்ன வாளி நிறையக் கழிவு வருகிறது. மரக்கறித் தோல், கீரைத்தண்டு, பால் பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கை, தேத்தண்ணிச் சக்கை, முட்டைக்கோது. கிழமையில் மூன்று நான்கு நாள் மீன் கழிவும் சேரும். இப்போது எல்லாவற்றையும் சொப்பிங் பையில் கட்டிப் படலையடியில் வைக்கிறோம். வண்டி வருவதற்குள் நாய் இழுத்து றோட்டெல்லாம் பரப்பிவிடுகிறது.

பின்வளவில் கத்தரி, மிளகாய், பயித்தங்காய், ஒரு முருங்கை, மூன்று வாழை, இரண்டு தென்னை நிற்கின்றன. பசளைக் காசில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமே என்றுதான் யோசிக்கிறேன். கடையில் கறுப்புப் பிளாஸ்டிக் கூட்டெருப் பீப்பா பார்த்தேன். மாமி சொல்லுகிறா, "அதுக்கு ஏன் காசு, வாழையடியில கிடங்கு வெட்டித் தாட்டா முடிஞ்சுது" என்று. இவர், எலியும் பாம்பும் வரும், இந்த வேலையே வேண்டாம் என்கிறார்.

கிணறு வளவின் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் இருபது முப்பது அடிக்குள் வந்துவிடும். மாரி தொடங்க முன் ஏதாவது செய்ய வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செம்மண் (உரும்பிராய்)

தங்கச்சி, அதற்கு முதல் ஒன்று கேட்கிறேன். காலையில் முற்றம் கூட்டுகிற கஞ்சலை என்ன செய்கிறீர்கள்?

வளவுக்காரி

மூலையில் குவித்து எரிப்பதுதான் அண்ணை. மாவிலையும் பலாவிலையும் அவ்வளவு கொட்டும். பின்னேரம் எரித்தால் நுளம்புக்கும் நல்லது.

செம்மண்

உங்கள் பசளை அந்த மூலையில்தான் போகிறது.

குசினிக் கழிவில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் நைதரசன் கூட, காபன் குறைவு. அதை மட்டும் பீப்பாவில் போட்டாலும் சரி, கிடங்கில் போட்டாலும் சரி, நாலாம் நாள் சேறாகிக் காற்றுப் போகாமல் நாறும். பிறகு "கூட்டெரு எங்கட வீட்டுக்குச் சரிவராது" என்று சொல்லிப் பீப்பாவைத் தண்ணீர் பிடிக்க வைத்துவிடுவார்கள். எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்.

கழிவைத் தின்று பசளையாக்குகிற நுண்ணுயிருக்கு நைதரசன் ஒரு பங்கென்றால் காபன் 25 முதல் 30 பங்கு வேண்டும். மரக்கறிக் கழிவில் அது ஏறக்குறைய 15 முதல் 20 பங்குதான். காய்ந்த இலையில் 50, 60 என்று போகும். இரண்டையும் கலந்தால் கணக்குச் சரிவரும். தராசு ஒன்றும் வேண்டாம். ஒரு வாளி கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு மூன்று வாளி சருகு போடுங்கள், அவ்வளவுதான். சருகு காபனைக் கொடுப்பதோடு இடைவெளி விட்டுக் காற்றையும் உள்ளே விடும்.

எரித்தால் நைதரசன் முழுக்கப் புகையோடு போய்விடும். கொஞ்சம் பொற்றாசியமும் சுண்ணாம்பும் சாம்பலில் மிஞ்சும். எங்கள் ஊரில் குசினி வாளிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் சருகுக்குத்தான், அதையும் நாங்களே நெருப்பு வைக்கிறோம். முதலில் நெருப்புப்பெட்டியை ஒளித்து வையுங்கள். பீப்பாவா கிடங்கா என்று பிறகு சண்டை பிடிக்கலாம்.

அடுப்படி (மானிப்பாய்)

செம்மண் அண்ணை சொன்னது சரி, ஆனால் மாவிலையை அப்படியே போடக் கூடாது. பலாவிலையும் அப்படித்தான். இரண்டும் தடிப்பான, மெழுகு பூசின இலைகள். முழுதாகப் போட்டு ஈரம் பட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தகடாகிவிடும். தகட்டுக்கு மேலே காய்ந்து கிடக்கும், கீழே நாறிக் கிடக்கும். நான் காய்ந்த சருகை யூரியாப் பையில் அடைத்து, வாயைக் கட்டி, செருப்புக் காலோடு ஏறி மிதிப்பேன். சின்னவன் வீட்டில் நின்றால் அவனுக்கு அது விளையாட்டு. கைவிரல் அளவுத் துண்டுகளாக நொறுங்கினால் போதும்.

கடைப் பீப்பாவுக்குக் காசு போட வேண்டாம். பழைய நீலப் பீப்பா இரண்டு எடுத்து, அடியை வெட்டிவிட்டு, சுற்றிவர ஓட்டை போட்டு, மண்ணில் நேரே இருத்துங்கள். ஒன்று நிறைகிற வரை மற்றது சும்மா இருக்கும். நிறைந்த பிறகு அதை ஆற விட்டுவிட்டு மற்றதில் தொடங்க வேண்டும். ஒரே பீப்பாவில் மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே கீழே ஆனதை எடுக்கலாம் என்று சொல்வார்கள். எடுத்துப் பார்த்தால் பாதி எருவும் பாதி வெண்டிக்காய்க் காம்பும் வரும்.

ஈரம் பார்ப்பதற்கு ஒரு வழி. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு போட்டுப் புரட்டுங்கள். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் அரிசி கழுவின தண்ணீரைத் தெளியுங்கள். மணமும் சொல்லிவிடும். கூழ்முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை. மூக்கில் சுள்ளென்று ஏறினால் நைதரசன் கூடிப்போய் அமோனியாவாகப் பறக்கிறது. இரண்டுக்கும் மருந்து சருகுதான்.

தேங்காய்ப்பூச் சக்கையைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்துக் குசினியில் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் தொல்லை. எண்ணெய்ப் பிடிப்பு இருப்பதால் கட்டியாக உறைந்து புளித்துப்போகும், எலிக்கும் பிடிக்கும். கட்டியாகக் கொட்டாமல் சருகோடு பிசறித் தூவுங்கள். பக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள் இருந்தால் கொடுத்துவிடுங்கள், அதுதான் இன்னும் நல்லது.

பனிவீடு (ஸ்காபரோ)

இங்கே ரொறொன்ரோவில் இதெல்லாம் பெரிய வேலையே இல்லை. வீட்டு வாசலில் பச்சைத் தொட்டி. எலும்பு, மீன் தலை, குழந்தையின் டயப்பர் கூட அதற்குள் போடலாம், நகரசபை வந்து எடுத்துக்கொண்டு போகும். ஊரிலும் அப்படிச் செய்ய என்ன தடை?

அடுப்படி

அண்ணை, அது காற்றுப்புகாத பெரிய தாங்கியில் போட்டு வாயு எடுக்கிற ஆலை வேலை. அதைப் பார்த்து நாங்கள் பீப்பாவுக்குள் டயப்பர் போட்டால் மாமி எங்களைத்தான் வெளியே போடுவா.

பனிவீடு

ஹா ஹா. சரி, அங்கே நடக்கிறதைச் சொல்லுங்கள், நான் வாசிக்கிறேன். அந்த நாளில் எங்கள் வீட்டுக் குப்பைக் கிடங்கில் மாட்டுச் சாணமும் சேர்த்துப் போடுவார்கள் என்று ஞாபகம்.

கிணற்றடி (திருநெல்வேலி)

கிணற்றைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நான் விவசாயம் படித்தவன், இதைச் சொல்லாமல் போக மனமில்லை.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. குடிக்கிறது, குளிக்கிறது, இறைக்கிறது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர். அந்தக் கல்லில் வெடிப்பும் துளையும் நிறைய. மேலே இருக்கிற மண் பல இடங்களில் மெல்லிசு. அதனால் மேலே விடுகிறது சீக்கிரம் கீழே போய்விடும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு கூட என்பது பல காலமாகத் தெரிந்த விடயம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்குக் கூடாது. புட்டிப்பால் கரைக்கிற தண்ணீர் என்றால் இன்னும் கவனம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

இதில் பெரும்பங்கு தோட்டத்துக்குக் கொட்டுகிற பசளையும் மலக்குழிகளும்தான், உங்கள் வாளி இல்லை. அதற்காக மாரி தொடங்கப்போகிற நேரம் கிணற்றுக்கு இருபது அடியில் கிடங்கு வெட்டி ஈரக் கழிவை நிரப்ப வேண்டுமா? வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். பள்ளமான வளவுகளில் மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் எட்டிக் கையால் அள்ளுகிற உயரத்துக்கு வரும். கிடங்குக்குள் தண்ணீர் நின்றால் கழிவு உக்காது, ஊறும். ஊறின சாறு கிணற்றுக்குப் போகும்.

ஆகவே நிலத்துக்கு மேலே வையுங்கள். கொஞ்சம் மண் போட்டு உயர்த்தின இடத்தில், கிணற்றிலிருந்து வளவு விடுகிற அளவு தள்ளி, மேலே கிடுகோ தகரமோ போட்டு.

இன்னொன்று, அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடாதீர்கள். கேத்திலின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் எங்கள் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு. மண்ணும் பெரும்பாலும் காரப் பக்கம்தான். சாம்பல் அதை இன்னும் கூட்டும், எருவில் இருக்கிற நைதரசனையும் அமோனியாவாகக் கிளப்பிவிடும். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எடுபடவில்லை என்று அர்த்தம். காரம் கூடின மண்ணில் சாதாரணமாக வருகிற கோளாறு அது. முட்டைக்கோதும் அப்படித்தான். போட்டால் கெடுதி இல்லை. ஆனால் "கல்சியத்துக்கு முட்டைக்கோது" என்று வீடியோவில் சொல்கிறவர்கள் சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருக்கவில்லை.

செம்மண்

தம்பி, கிடங்கு என்றதும் பாவம் மாதிரிச் சொல்லாதையும். எங்கள் அப்பா காலத்தில் புகையிலைத் தோட்டத்துக்கு வண்டில் வண்டிலாகப் பூவரசங்குழை வரும். பனையோலையும் தாழ்த்தார்கள். செம்மண்ணுக்குள் வருடக்கணக்காகக் குழை தாழ்த்த நிலம் அது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பங்குனிக்குப் பிறகு நிலத்துக்கு மேல் குவியல் வைத்துப் பாரும். காற்றும் வெயிலும் சேர்ந்து நாலு நாளில் காய்த்துவிடும், காய்ந்தது உக்காது. கறையான் வேறு ஏறும். வறண்ட இடத்துக்குக் கிடங்கு, மழை இடத்துக்குக் குவியல் என்று விவசாயக் கந்தோர்க்காரரே சொல்லித் தந்ததுதான்.

கிணற்றடி

அண்ணை சொல்வதை மறுக்கவில்லை. குழை தாழ்த்தது பரந்த தோட்டத்தில், பயிர் உடனே உறிஞ்சுகிற இடத்தில். இது வீட்டுக் கிணற்றடி, ஒரே இடத்தில் நாளாந்தம் கொட்டுவது. கோடையில் கிடங்கு நல்லதுதான், கிணறு தள்ளி இருந்தால். வாழையடியில் ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி, இன்று ஒரு பக்கம், அடுத்த முறை இன்னொரு பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ப்பதற்கு நானும் எதிரில்லை. வாழை வேர் மேலாகப் பரவி எடுத்துவிடும். ஆக மாமி சொன்னதும் பாதி சரி.

வளவுக்காரி

பாதி சரி என்று மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "மற்றப் பாதி என்ன பிழையாம்?" என்று கேட்டா.

தென்னங்காணி (மீசாலை)

தங்கச்சி, இரண்டு தென்னை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மரத்தில் இல்லை. எருக்குவியல், சாணக் கும்பி, உக்கின தென்னங்குற்றி, மரத்தூள் மாதிரியான இடங்களில்தான். கூட்டெரு வைத்துவிட்டு மாதக்கணக்காகத் தொடாமல் விட்டால் நீங்களே வண்டுக்குப் பிள்ளைப்பேற்று வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. பிறகு தென்னோலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டினதுபோல முக்கோணம் முக்கோணமாக வெட்டுண்டு வரும். இளம்பிள்ளை என்றால் குருத்தே அழுகிச் செத்தும் போகலாம்.

புழுவைப் பார்த்தால் சந்தேகமே வராது. பெருவிரல் தடிப்பு, வெள்ளை உடம்பு, மண்ணிறத் தலை, தலைக்குக் கீழே மூன்று சோடிக் கால். எடுத்துக் கையில் வைத்தால் வளைந்து சுருண்டு கிடக்கும், வால்பக்கம் தின்ற எரு கறுப்பாகத் தெரியும். புழுப் பருவமே மூன்று நாலு மாதம் போகும். அதனால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை அடிவரை புரட்டினால் வண்டாக விடாமல் பொறுக்கிவிடலாம். கோழிக்குப் போட்டால் சண்டை பிடித்துத் தின்னும்.

பொச்சு, சிரட்டை, ஈர்க்கு ஒன்றும் பீப்பாவுக்குள் வேண்டாம். பொச்சை மரத்திலிருந்து ஒரு பாகம் (ஆறு அடி) தள்ளி வெட்டி அடுக்கித் தாழுங்கள். மழைத்தண்ணீரைக் குடித்து வைத்திருந்து கோடையில் மரத்துக்கு விடும்.

எங்கள் பக்கம் பலாப்பழக் காலத்தில் தடல் மலையாகச் சேரும். அதுவும் நல்ல சாமான்தான், ஆனால் சரியான ஈரம். சருகை மூன்றுக்குப் பதில் நாலு வாளி போடுங்கள்.

வளவுக்காரி

புழு என்றதும் ஒரு கேள்வி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுப் பீப்பாவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே தட்டையான, சாம்பலும் மண்ணிறமும் கலந்த புழு, ஆயிரக்கணக்கில் நெளிந்தது. அதுவும் இந்த வண்டா? எனக்கு வயிற்றைப் பிரட்டிவிட்டது.

அடுப்படி

இல்லை பிள்ளை, அது ஒரு ஈயின் புழு. ஆங்கிலத்தில் கறுப்புப் படைவீரன் ஈ என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்க அருவருப்புத்தான், ஆனால் கெடுதி ஒன்றும் இல்லை. சோறு, மீன், பழம் எல்லாவற்றையும் அசுர வேகத்தில் தின்றுவிடும். வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் மொய்க்கிற சாதி இல்லை. அது நிறைய வந்திருக்கிறது என்றால் பீப்பாவில் ஈரமும் பச்சைக் கழிவும் கூட, சருகு குறைவு. சருகு போட்டு மூடினால் குறைந்துவிடும். கோழிக்காரர் என்றால் குறைக்கவே வேண்டாம்.

வெள்ளையாக, சின்னதாக, ஒரு பக்கம் கூராக நெளிந்தால் அது வீட்டு ஈ. அதுதான் கவலைப்பட வேண்டியது. கழிவு மேலே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

தீவுக்காற்று (வேலணை)

உப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நீங்களெல்லாம் நன்னீர்க் கிணற்றுக்காரர்.

மிஞ்சின கறி, ஊறுகாய், கருவாட்டுத் தலை எல்லாவற்றிலும் உப்பு. மற்றதெல்லாம் உக்கும், உப்பு உக்காது. குவியல் மூன்றில் ஒன்றாக வற்றும்போது உப்பு அப்படியே நிற்கும், செறிவு கூடும். அதன் மேல் உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் தெளித்தால் கேட்கவே வேண்டாம். பயித்தை, மிளகாய் இரண்டும் உப்பைத் தாங்காது. இலைநுனி கருகத் தொடங்கும், நாங்கள் நோய் என்று நினைத்து மருந்து அடிப்போம்.

கறிச்சட்டி வழித்ததை ஒருமுறை தண்ணீர் விட்டு அலசி வடித்துவிட்டுப் போடுங்கள். கருவாட்டை விட்டுவிடுங்கள். ஈரம் வேண்டுமென்றால் அரிசி கழுவின தண்ணீர், மரக்கறி கழுவின தண்ணீர். நான் மழைத்தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைப்பேன். எங்கள் மணலில் எரு இல்லாமல் ஒன்றும் நிற்காது. ஊற்றுகிற தண்ணீரை அதுதான் கொஞ்சமாவது பிடித்து வைக்கிறது.

கரையோரம் (குருநகர்)

மீன் கழிவு எங்கள் பாடம். பீப்பாவில் போட வேண்டாம், நாயும் பூனையும் இரவு முழுக்கப் பீப்பாவோடு மல்லுக்கட்டும். ஒன்றரை அடி ஆழத்தில் வாழைக்கோ முருங்கைக்கோ தள்ளித் தாட்டு, மேலே மண்ணை மிதித்து, ஒரு பாரக் கல்லைத் தூக்கி வையுங்கள். கல்லை மறந்தால் விடியக் குடலும் செவுளும் முற்றத்தில் கிடக்கும்.

தாழ்க்க இடமில்லாதவர்கள் கரைசல் செய்யலாம். மீன் கழிவும் சர்க்கரையும் நிறைக்கு நிறை. பனங்கட்டி விலைக்குக் கட்டாது, சாதாரணச் சர்க்கரை போதும். போத்தலில் போட்டு மூடியை இறுக்காமல் நிழலில் ஒரு மாதம் வைத்தால் மீன் கரைந்து தேன்பாகு நிறத்தில் வரும். வடித்து, லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் கலந்து மண்ணுக்கு விடலாம். மூடியை இறுக்கினால் வாயு கட்டிப் போத்தல் வெடிக்கும். அந்த மணம் வீட்டை விட்டுப் போக எவ்வளவு காலம் செல்லும் என்று என் மனுசியைத்தான் கேட்க வேண்டும்.

இறால் கோது, நண்டுக் கோது இரண்டையும் வெயிலில் காயவைத்து இடித்துப் பீப்பாவுக்குள் போடலாம், அவை நல்லது. கணவாய் ஓடு வெறும் சுண்ணாம்பு. கிளிக்கூட்டில் வையுங்கள்.

பசுந்தரை (கோப்பாய்)

எல்லா வீடும் இப்படிச் செய்தால் யூரியா ஒரு பிடி கூட நாட்டுக்குள் வரத் தேவையில்லை. செயற்கைப் பசளை எல்லாம் நஞ்சு.

செம்மண்

இந்தக் கதையை 2021இல் கேட்டோம். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் தாங்களே விலக்கினார்கள். இடையில் பட்டது யார்?

கணக்கை வைத்துக் கதைப்போம். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46. ஐம்பது கிலோப் பை ஒன்றில் 23 கிலோ. வீட்டுக் கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. நூற்றுக்கு ஒன்று என்று பிடித்தால் அந்த ஒரு பைக்கு 2300 கிலோ எரு வேண்டும். அதிலும் முதல் வருடம் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இதை மட்டும் நம்பி இறங்கினால் அடுத்த போகம் காணி ஈட்டில் இருக்கும்.

எருவின் வேலை வேறு. மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும், தண்ணீரைப் பிடிக்கும், போட்ட பசளை கழுவுப்பட்டுக் கிணற்றுக்குப் போகாமல் கொஞ்சம் மறிக்கும். வீட்டு வளவில் பத்துக் கத்தரிக்கும் எட்டு மிளகாய்க்கும் இது தாராளம். இந்தப் பிள்ளை கேட்டது அதைத்தான். நாட்டை நாங்கள் பிறகு திருத்தலாம்.

பசுந்தரை

அது பசளையைத் திடீரென்று நிறுத்தினதால் வந்த பிழை, எருவின் பிழை இல்லை.

செம்மண்

அதைத்தான் நானும் சொல்கிறேன். எருவைக் குற்றம் சொல்லவில்லை, அதன் தலையில் தூக்க முடியாத மூட்டையை ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

வளவுக்காரி

நன்றி அண்ணைமாரே, அக்கா. இவரை ஒருவாறு சம்மதிக்க வைத்துவிட்டேன். நீலப் பீப்பா இரண்டு எடுத்துத் தருகிறாராம். ஆனால் எலி, பாம்பு விடயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கிணற்றடி

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு வடமராட்சி, தென்மராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிரும் போனது. எலி மூத்திரம் கலந்த ஈரமண், தண்ணீர் வழியாக, காலில் கையில் இருக்கிற சின்னக் காயத்தினூடாக உள்ளே போகிற நோய் அது. மாரியில் பீப்பாவைப் புரட்டுகிறபோது சப்பாத்தும் கையுறையும் கட்டாயம். வெட்டுக்காயம் இருந்தால் அந்தக் கிழமை வேறு ஆள் புரட்டட்டும். காய்ச்சலோடு தசைநோவு வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காமல் ஆசுப்பத்திரிக்குப் போய், மண்ணில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

எலி வருவது சோறு, பாண், தேங்காய்ப்பூ, எண்ணெய்க் கறி இவற்றுக்கு. வெறும் மரக்கறித் தோலும் சருகும் என்றால் அவ்வளவு தேடி வராது. பீப்பாவின் அடியில் சின்னக் கண் கம்பிவலை விரித்து அதன்மேல் இருத்துங்கள். மண்புழு ஏறிவரும், எலி ஏறாது. பாம்பு எலியைத் தேடித்தான் வரும். மட்டத்தேளுக்கு எலி வேண்டாம், சருகு போதும். அதனால் எந்த நாளும் கையை உள்ளே விடாமல் மண்வெட்டியால் புரட்டுங்கள்.

மூடி தட்டையாக இருந்தால் அதில் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எழுதிக்கொடுப்பார். சரிவாக வையுங்கள்.

அடுப்படி

ஒன்று விட்டுப்போயிற்று. வீட்டுப் பீப்பா பெரிதாகச் சுடாது. ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் உள்ளே 55 பாகைக்கு மேல் ஏறி விதைகளைச் சாகடிக்கும். எங்கள் பீப்பாவில் பூசணி விதையும் பப்பாசி விதையும் பத்திரமாக இருந்து, எரு போட்ட இடமெல்லாம் முளைக்கும். பூசணி முளைத்தால் பரவாயில்லை. வேலியோரத்துப் பார்த்தீனியத்தைப் பூவோடு பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், பிறகு வளவு முழுக்க அதுதான். பூக்க முன் பிடுங்கினதைப் போடலாம். வெறுங்கையால் பிடுங்க வேண்டாம், சிலருக்குத் தோலில் கடி வரும்.

வளவுக்காரி

சரி அக்கா. மீனுக்கு மட்டும் வாழையடியில் கிடங்கு, அது மாமியின் பொறுப்பு. கடைசியாக ஒன்று: ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும்? எவ்வளவு போட வேண்டும்?

அடுப்படி

பீப்பா நிறைந்த பிறகு மூன்று நாலு மாதம் விடுங்கள், இடையில் புரட்டிக்கொண்டு. போட்டது என்னவென்று அடையாளம் தெரியாமல் கறுத்து உதிர வேண்டும். மாங்கொட்டையும் முட்டைக்கோதும் மட்டும் தெரியும், அரித்து எடுத்துவிடலாம். சந்தேகம் என்றால் ஒரு சிரட்டையில் எருவும் இன்னொன்றில் வளவு மண்ணும் எடுத்து, இரண்டிலும் பத்துப் பயறு போடுங்கள். எருவில் முளை சரியாக வராமல் கருகினால் இன்னும் ஆகவில்லை. ஆகாததைக் கத்தரிக்குப் போட்டால் அது உக்குவதற்கு மண்ணில் இருக்கிற நைதரசனையும் பிடுங்கிக்கொள்ளும், கன்று மஞ்சளாக நிற்கும்.

தண்டோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாக இரண்டு மூன்று பிடி போட்டு, லேசாகக் கொத்தி, மேலே சருகு மூடுங்கள்.

செம்மண்

இப்போது தொடங்கினால் தை கடந்து, மழை விட்ட பிறகுதான் ஆகும். அதுவும் நல்லதுதான். அடைமழைக்குள் போட்டால் சத்து முழுக்கக் கழுவுப்பட்டு, அந்தத் தம்பி பயப்படுகிற இடத்துக்கே போகும்.

வளவுக்காரி

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன், "எங்கட கஞ்சலையும் தாறன், எரிக்கிற வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டா. இப்போது சருகு பீப்பாவை விடக் கூடப்போகிறது. என்ன செய்ய?

செம்மண்

ஒன்றையும் விடாமல் வாங்குங்கள். மாரிக்குள் காய்ந்த இலை ஒன்று கிடைக்காது, கழிவு மட்டும் நாளாந்தம் வரும். அந்த மூன்று மாதத்தில்தான் ஆட்கள் பீப்பாவைக் கைவிடுவது. இப்போதே மிதித்து நொறுக்கி, யூரியாப் பைகளில் அடைத்து, தாழ்வாரத்தில் மழைத்தூவானம் படாத பக்கம் அடுக்குங்கள். தரையில் வைக்க வேண்டாம், கறையான் ஏறும். இரண்டு கல்லு வைத்து மேலே ஒரு பலகை போடுங்கள். ஐந்து பேர் வீட்டுக்கு ஆறேழு பை கூடக் காணாது.